கண்ணாடி பார்க்க அரை நாளா?

கேள்வி – செப்டம்பர் 9, இரவு

வருகிற சனிக்கிழமை தக்கலையிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போகிறேன். காலையில் போய் இரவுக்குள் திரும்ப வேண்டும். பத்மநாபசுவாமி கோயில், குதிரைமாளிகை, மியூசியம் மூன்றும் ஒரே நாளில் முடியுமா? பாளையம் பக்கம் ஒரு கண்ணாடிக் கலைக் கண்காட்சி நடக்கிறது, அதையும் பார் என்று தங்கச்சி சொல்கிறாள். அதற்கு அரை நாள் கொடுப்பது வீண் என்பது என் எண்ணம். கண்ணாடி எங்கே இருந்தாலும் கண்ணாடிதானே? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

செப்டம்பர் 10, காலை

முடியும் தம்பி. நான் போன சனிக்கிழமைதான் என் அம்மையோடு போய் வந்தேன். அம்மைக்கு 71 வயது. ஜூலையில் ஒரு கண், ஆகஸ்டில் இன்னொரு கண் என்று கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. டாக்டர் வெளியே போகலாம் என்று சொன்ன பிறகு நாங்கள் போன முதல் தூரப் பயணம் இது. எனக்கு மார்த்தாண்டத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை, 26 வருஷமாக லென்ஸ் தேய்க்கிறேன். அதனால் உன் கடைசிக் கேள்விக்கு என்னால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. ராத்திரி கடை அடைத்துவிட்டு எழுதுகிறேன்.

இப்போதைக்கு ஒன்று: இரணியலிலோ குழித்துறையிலோ ரயில் ஏறு. பஸ் வேண்டாம். களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு ஜங்ஷனிலும் நெரிசல். வயதானவர்களுக்குப் போய்ச் சேரும்போதே பாதி நாள் தீர்ந்துபோகும்.

செப்டம்பர் 10, இரவு 10 மணி

முதலில் கோயில். தம்பானூரில் (திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேஷன்) இறங்கினால் கோயில் இருக்கும் கிழக்கே கோட்டை நடக்கிற தூரம்தான், அம்மா இருப்பதால் ஆட்டோ பிடி. ஆண்கள் வேட்டி கட்டிச் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெண்கள் சேலையில் வந்தால் சிக்கல் இல்லை. நடை எப்போது திறக்கும், எப்போது சாத்தும் என்பது பூஜைக்குத் தகுந்து மாறும், முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள். பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க வேண்டும்: முகம் ஒரு வாசலில், நாபி ஒரு வாசலில், பாதம் ஒரு வாசலில். ஆபரேஷனுக்கு முன்னால் போனபோது அம்மைக்கு விளக்கின் வெளிச்சம் மட்டும் பூப்பூவாகத் தெரிந்தது. இந்தத் தடவை மூன்று வாசலிலும் நின்று நின்று பார்த்தாள். பின்னால் இருந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, அது அவர்கள் பெருந்தன்மை.

வெளியே வந்தால் பத்மதீர்த்தக் குளக்கரையிலேயே குதிரைமாளிகை. சுவாதித் திருநாள் கட்டிய அரண்மனை. அவர் 1846-இல் 33 வயதில் இறந்துபோனார், இங்கே கொஞ்ச காலம்தான் இருந்தார். கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாக மரத்தில் செதுக்கிய 122 குதிரைகள். அம்மை 40 வரை எண்ணினாள். திங்கட்கிழமை மூடியிருக்கும், சனிக்கிழமை போகிற உனக்குக் கவலை இல்லை.

அதற்கு முன்னால் மேத்தன் மணி என்ற பழைய கடிகாரம். தாடி வைத்த ஒரு முகம், இரண்டு பக்கமும் ஆட்டுக்கிடா. மணி அடிக்கும்போது வாய் திறக்கும், கிடாக்கள் வந்து கன்னத்தில் முட்டும். பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பையன் அடுத்த மணிக்கும் நிற்பேன் என்று அடம்பிடித்தான். அவன் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றியது.

மாளிகைக்குள் உன் அம்மாவுக்குக் காட்ட வேண்டியது இரண்டு சிம்மாசனங்கள். ஒன்று யானைத் தந்தம். இன்னொன்று பளிங்கு. தந்தத்தின் முன்னால் கூட்டம் நிற்கும், பளிங்கைக் கடந்து போய்விடுவார்கள். நீ பளிங்கின் முன்னால் நில். உன் கேள்விக்குப் பதில் அங்கேயே ஆரம்பமாகிறது.

செப்டம்பர் 11, காலை

"பளிங்கு என்றால் மார்பிளா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். என் தவறு, தெளிவாக எழுதியிருக்க வேண்டும். தமிழில் தரையில் போடுகிற சலவைக்கல்லையும் பளிங்கு என்கிறோம், ஊடுருவித் தெரிகிற படிகத்தையும் பளிங்கு என்கிறோம். நான் சொன்னது பொஹீமியாவின் கிறிஸ்டல் கண்ணாடி. இன்றைய செக் நாடு இருக்கும் பக்கம். கிறிஸ்டல் என்று பெயர் இருந்தாலும் அதுவும் கண்ணாடிதான், பூமியிலிருந்து வெட்டி எடுத்த படிகக்கல் இல்லை. பட்டை வெட்டி, ஒளி உள்ளே போய்த் திரும்பி நிறம் பிரிந்து வரும்படி செய்வது அந்த ஊர்க்காரர்களின் பழைய கைவேலை.

ஜன்னல் கண்ணாடியும் இதுவும் ஒன்றில்லை. என் கடையிலேயே பார்க்கலாம். ஒரே பவருக்கு ஒரு கண்ணாடி தடிமனாக வரும், இன்னொன்று மெலிதாக வரும். ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பது உள்ளே என்ன சேர்த்தோம் என்பதைப் பொறுத்தது.

செப்டம்பர் 11, இரவு

சரி, கண்காட்சி. சின்ன அரங்குதான், மூன்று கண்ணாடிக் கலைஞர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நாங்கள் மதியச் சாப்பாடு முடித்து 2 மணிக்குப் போனோம். அதுவே நான் செய்த நல்ல காரியம். மேற்கு ஜன்னல் வழியாக அப்போதுதான் வெயில் உள்ளே வர ஆரம்பித்தது. தம்பி, இதை மட்டும் கேள்: கண்ணாடியைப் பார்க்கிற இடத்துக்குப் போகும்போது வெயில் எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வரும் என்று முதலில் பார். சிலைக்கும் படத்துக்கும் வெளிச்சம் மேலே விழுந்தால் போதும். கண்ணாடிக்கு வெளிச்சம் உள்ளே போய் வெளியே வர வேண்டும். காலையில் நீ பார்க்கிற கண்ணாடியும் சாயங்காலம் பார்க்கிற கண்ணாடியும் ஒன்றில்லை.

முதல் மேஜையில் ஒரு கோபால்ட் நீலக் குடுவை. அம்மை அதன் முன்னால் நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் கேட்டாள்: "இதுதான் நீலமா மக்களே? இத்தனை வருஷம் நான் எதைப் பாத்தேன்?"

என் தொழிலில் நான் இதைப் பல பேரிடம் கேட்டிருக்கிறேன். புரை விழுந்த கண்ணின் வில்லை மஞ்சளாகி, பழுப்பாகி, நீல ஒளியை உள்ளே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். மெதுவாக நடப்பதால் ஆளுக்குத் தெரியாது. புது வில்லை வைத்ததும் நீலம் திரும்பி வரும். வாடிக்கையாளர் சொல்லும்போது தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன். என் அம்மை சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. வீட்டில் அவள் 10 வருஷமாகக் கறுப்பு என்று நினைத்துக் கட்டிய ஒரு கருநீலச் சேலை உண்டு.

அடுத்தது ஒரு சின்னக் கிண்ணம். நான் அதை வெளிர் நீலம் என்றேன். அம்மை ஊதா என்றாள். அவள் கண் இன்னும் பழகவில்லை என்று நினைத்தேன். அப்புறம் அவள் நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன், ஊதாதான். நான் ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்றேன், அவள் ஜன்னல் வெயிலில் நின்றாள். ஒரே கிண்ணம். நியோடைமியம் என்ற உலோகம் சேர்த்த கண்ணாடி அப்படித்தான் செய்யும். மஞ்சள் ஒளியில் ஒரு குறிப்பிட்ட பட்டையை அது விழுங்கிவிடும். வெயிலில் எல்லா நிறமும் இருப்பதால் மிச்சம் ஊதாவாகத் தெரியும். ட்யூப்லைட்டில் சில நிறங்கள்தான் தூக்கலாக இருக்கும், அதனால் நீலமாகத் தெரியும். தெரிந்த விஷயம்தான், ஆனாலும் கையில் வைத்து ஜன்னலுக்கும் விளக்குக்கும் நாலு தடவை நடந்தேன்.

மூலையில் ஒருவர் தீயில் கண்ணாடிக் குச்சியை உருக்கிப் பறவை செய்துகொண்டிருந்தார். கேஸும் ஆக்சிஜனும் கலந்த டார்ச். கண்ணாடி சூடாகும்போது அதிலுள்ள சோடியத்தால் பளீரென்று மஞ்சள் தீ எழும், உள்ளே கண்ணாடி என்ன ஆகிறது என்றே தெரியாது. அதற்காக அவர் இளஞ்சிவப்பான ஒரு கண்ணாடி போட்டிருந்தார். இன்னொன்றை அம்மைக்குக் கொடுத்தார். அதைப் போட்டதும் மஞ்சள் தீ மறைந்து, உருகும் குச்சி மட்டும் தனியாகத் தெரிந்தது. அந்தக் கண்ணாடியிலும் அதே நியோடைமியம்தான், கூடவே அதே இனத்து உலோகமான பிரேசியோடைமியம். மஞ்சளை விழுங்கும் குணம் கிண்ணத்தில் அழகு, இங்கே கருவி.

நாங்கள் 3 மணி நேரம் இருந்தோம். அரை நாள் போதவில்லை தம்பி.

செப்டம்பர் 12, காலை

எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன். இதெல்லாம் நம்ம ஊர் மணல்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பும் சிவப்புமாக மணல் கிடக்குமே, அதில் மோனசைட் என்ற தாது உண்டு. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அதை இங்கே கண்டுபிடித்தார். அப்போது அவர்களுக்கு வேண்டியது தோரியம், கேஸ் விளக்கின் மேன்டிலுக்கு. கல்யாண வீட்டுப் பெட்ரோமாக்ஸ் ஞாபகம் இருக்கிறதா? அந்த வெள்ளை வலை எரிந்து ஒளி விட்டதற்குக் காரணம் தோரியம் ஆக்சைடும் துளி சீரியம் ஆக்சைடும். அதே மோனசைட்டில்தான் சீரியம், லாந்தனம், நியோடைமியம் எல்லாம் இருக்கிறது. என் கடையில் கண்ணாடி லென்ஸ் தேய்த்த காலத்தில் கடைசிப் பளபளப்புக்கு ஒரு பொடியைக் கரைத்துப் போடுவோம், அது சீரியம் ஆக்சைடு. இப்போது எல்லாம் பிளாஸ்டிக் லென்ஸ், அந்தப் பொடி டப்பா மேலே பரணில் இருக்கிறது. நான் பிறந்த ஊரிலிருந்து நடக்கிற தூரத்துக் கடற்கரையில் இருக்கிற பொருளைப் பம்பாயிலிருந்து பார்சலில் வாங்கினேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 12, மதியம்

மேலே "இதெல்லாம் நம்ம ஊர் மணல்" என்று எழுதியதைத் திருத்துகிறேன். கொல்லங்கோட்டு ஆசிரியர் ஒருவர் சரியாகவே கேட்டார்: "அந்த மணலை உருக்கினால் கண்ணாடி வருமா சார்?" நல்ல கண்ணாடி வராது. கண்ணாடிக்கு அடிப்படை சிலிக்கா, அதாவது இரும்பு கலக்காத வெள்ளை மணல். ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலைப் பக்கத்து மணல் அப்படிப்பட்டது. நம்ம மணலில் இல்மனைட், கார்னெட் எல்லாம் இருக்கிறது, இரும்பு அதிகம். கொஞ்சம் இரும்பு இருந்தாலே கண்ணாடி பச்சையாகிவிடும். ஜன்னல் கண்ணாடியை விளிம்பு வழியாகப் பாருங்கள், அந்தப் பச்சை இரும்பினால் வருவது. நம்ம மணல் தருவது அடிப்படையை அல்ல, கண்ணாடிக்கு நிறமும் மெருகும் கொடுக்கிற சேர்மானத்தை. அந்தக் கிண்ணத்தில் இருந்தது நம்ம கடற்கரையில் இருந்து போனது என்றும் நான் சொல்லவில்லை. அதே பொருள் இங்கே காலடியில் கிடக்கிறது, அவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

செப்டம்பர் 12, சாயங்காலம்

தக்கலைத் தம்பிக்கு. உன் வீட்டுப் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது, மந்திரசாலை (ராஜா ஆலோசனை நடத்திய மண்டபம்) ஜன்னலில் கலர் கண்ணாடி பதித்திருப்பார்கள், முதலில் அதைப் போய்ப் பார்.

செப்டம்பர் 12, இரவு

அது கண்ணாடி இல்லையாம். மைக்கா, காக்காப்பொன். பெயர் சொல்லாத ஒருவர் எழுதித் திருத்தியிருக்கிறார், நன்றி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கூட்டிப் போனார்கள், அன்று முதல் கண்ணாடி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்தால் அதுதான் பொருத்தம். அந்த அறையில் சிவப்பும் பச்சையுமாக விழுகிற வெளிச்சம் மங்கலாக, மெத்தென்று இருக்கும், கண்ணாடி மாதிரி கூசாது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் அந்த அரண்மனையைப் பார்த்துக்கொள்வது இன்றும் கேரளத் தொல்லியல் துறை. நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள்.

இதே மாதிரி இன்னொன்று: கண்காட்சியில் ஒரு மேஜையில் ஆரன்முளைக் கண்ணாடியும் வைத்திருந்தார்கள். அதுவும் கண்ணாடி இல்லை. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம், தேய்த்துத் தேய்த்து முகம் தெரிய வைப்பது. விரல் நுனியை வைத்தால் விரலும் பிம்பமும் இடைவெளி இல்லாமல் தொட்டுக்கொள்ளும். வீட்டுக் கண்ணாடியில் நடுவே கண்ணாடியின் தடிமன் அளவு இடைவெளி தெரியும்.

செப்டம்பர் 13, காலை 6 மணி

தம்பி இன்று கிளம்புகிறாய். குடை எடுத்துக்கொள். மியூசியத்தைக் கடைசியில் வைக்காதே, கண்காட்சிக்கு முன்னால் வை. நேப்பியர் மியூசியம் 1880-இல் முடிந்த கட்டடம். சென்னையில் செனட் ஹவுஸ் கட்டிய அதே சிஷோம் என்ற ஆள்தான் வரைந்தது. உள்ளே சுவரெல்லாம் வண்ணப் பட்டைகள், மேலே பார்க்க மறந்துவிடாதே. தோட்டத்தில் பெஞ்சு உண்டு, அம்மா உட்காரலாம். போகிற வழியில் பாளையத்தில் சர்ச், பள்ளிவாசல், பிள்ளையார் கோயில் மூன்றும் ஒரே ஜங்ஷனில் நிற்பதைக் காட்டு. மிருகக்காட்சிசாலை வேண்டாம், நடை அதிகம். நல்லபடியாகப் போய் வாருங்கள்.

செப்டம்பர் 14, இரவு

தம்பி போய் வந்து எழுதியதைப் படித்தேன். உன் அம்மா அந்தத் தீயின் முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்று படித்ததும் வீட்டில் வாசித்துக் காட்டினேன். அம்மைக்கு ரொம்ப சந்தோஷம்.

எங்கள் வீட்டில் இன்று ஒரு வருத்தம். அங்கே வாங்கிய நீலக் கண்ணாடிப் பறவை விரிசல் விட்டுவிட்டது. யாரும் தொடவில்லை. டிவி பக்கத்து ஷெல்ஃபில் இருந்தது. மதியம் டிக் என்று ஒரு சத்தம், கழுத்திலிருந்து சிறகு வரை ஒரு கோடு. அம்மை பூனை என்றாள், பூனை அப்போது அடுக்களையில்.

காரணம் எனக்குத் தெரியும். உருகிய கண்ணாடி வெளியில் முதலில் ஆறி இறுகும். உள்ளே இன்னும் சூடு. உள்பக்கம் ஆறிச் சுருங்கப் பார்க்கும்போது வெளிப்பக்கம் விடாது. அந்த இழுபறி அப்படியே உள்ளே பூட்டிக்கொள்ளும். அதனால்தான் செய்து முடித்ததும் 500 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் சூளையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைக் குறைத்து ஆற வைப்பார்கள். தடிமனும் மெலிசும் சேருகிற இடம், பறவையின் கழுத்து மாதிரி, அங்கேதான் இழுப்பு அதிகம். ஆறுவது போதவில்லை என்றால் ஒரு வாரமோ ஒரு வருஷமோ கழித்துத் தானாக உடையும்.

வாங்கும்போதே பார்க்க ஒரு வழி உண்டு. கடையில் ஃபிரேமில் லென்ஸ் இறுக்கமாக மாட்டியிருக்கிறதா என்று இப்படித்தான் பார்ப்பேன். போன் திரையை வெள்ளையாக வைத்து, போலரைஸ்டு கூலிங்கிளாஸைத் திருப்பித் திருப்பித் திரை இருட்டாகும் இடத்தில் நிறுத்துங்கள். நடுவில் கண்ணாடிப் பொருளைப் பிடியுங்கள். இழுப்பு இல்லாத கண்ணாடி இருட்டாகவே இருக்கும். இழுப்பு இருக்கும் இடம் வெள்ளையாக, சில சமயம் வானவில்லாக ஒளிரும். எங்கள் பறவையின் கழுத்து நிலா மாதிரி வெளிச்சமாக இருந்தது. வாங்கிய அன்றே பார்த்திருக்கலாம். அன்று பார்க்கத் தோன்றவில்லை, அம்மை கையில் வைத்திருந்த விதம் அப்படி.

செப்டம்பர் 15

போனில் வரவில்லை என்று மூன்று பேர். உண்மைதான். நான் பார்த்தது கடை லேப்டாப்பில், எழுதும்போது போன் என்று எழுதிவிட்டேன். பல புதுப் போன்களில் கூலிங்கிளாஸை எப்படித் திருப்பினாலும் திரை இருட்டாகாது. எல்சிடி திரை உள்ள லேப்டாப்போ பழைய மானிட்டரோ எடுங்கள், வரும்.

பறவை செய்தவருக்குப் போன் செய்தேன். வாதாடவே இல்லை. அன்று கூட்டம் அதிகம், சூளையிலிருந்து சீக்கிரம் எடுத்துவிட்டேன், கொண்டு வாருங்கள் என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

செப்டம்பர் 17

ரேணிகுண்டாவிலிருந்து ஒரு தமிழ் அக்கா எழுதியிருக்கிறார், "கண்ணாடி உங்கள் பக்கத்துக்கு மட்டும் சொந்தமா, எங்கள் பாப்பாநாயுடுபேட்டையை மறந்துவிட்டீர்களே" என்று. மறக்கவில்லை அக்கா, நானே வந்து சேர்ந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்காக: அது ஆந்திராவில் காளஹஸ்தி, ரேணிகுண்டா பக்கத்து ஊர். பாசிமணி செய்கிறவர்கள் ஊர். உலையில் உருகிய கண்ணாடியை இரும்புக் கம்பியில் திரட்டி, நடுவில் துளை விழும்படி செய்து, ஒருவர் விடாமல் இழுக்க இழுக்க அது மெல்லிய குழலாக நீண்டு வரும். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலில் போட்டு மறுபடி சூடாக்கினால் ஓரம் மழுங்கி மணியாகும். இதே வகை மணிகளைத்தான் புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேட்டில் 2,000 வருஷத்துக்கு முன்னால் செய்து தென்கிழக்காசியா வரை அனுப்பினார்கள். 1945-இல் வீலர் என்ற தொல்லியலாளர் தோண்டிய அதே அரிக்கமேடு.

தம்பி, உன் முதல் கேள்வியில் எனக்கு உறுத்தியது இதுதான். கண்ணாடிக் கலை என்றால் வெளிநாட்டு விஷயம் மாதிரி நாம் பேசுகிறோம். உன் பாட்டி கழுத்தில் கிடந்த பாசி என்ன?

செப்டம்பர் 21

செவ்வாய்க்கிழமை மறுபடி திருவனந்தபுரம் போகிறோம். பறவையை மாற்றவும்தான், ஆனால் அது பாதிக் காரணம். பகலும் இரவும் சமமாகிற நாட்களில், அதாவது மார்ச்சிலும் செப்டம்பரிலும், அஸ்தமிக்கிற சூரியன் பத்மநாபசுவாமி கோயில் கோபுரத்தின் ஜன்னல்களில் மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வரும். கிழக்கே நின்று பார்க்க வேண்டும். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான் பார்த்ததில்லை. வருகிறவர்கள் 5:30-க்குள் இடம் பிடியுங்கள்.

செப்டம்பர் 23, இரவு, ரயிலில்

மழை மேகம். 5 மணிக்கு நம்பிக்கையே இல்லை. நல்ல கூட்டம், எல்லோர் கையிலும் போன். அம்மைக்கு ஒரு பூக்கடைக்காரர் ஸ்டூல் கொடுத்தார். புதுப் பறவை துண்டில் சுற்றி அவள் மடியில். இதைப் பறவை செய்தவரிடமே லேப்டாப் முன்னால் பிடித்துப் பார்த்துத்தான் வாங்கினேன், கழுத்து இருட்டாக இருந்தது.

முதல் ஜன்னல் மேகத்தில் போய்விட்டது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. அப்புறம் மேகத்துக்கு அடியில் இடைவெளி விட்டு, கோபுரத்தின் நடுவே திடீரென்று தீ வைத்த மாதிரி ஆரஞ்சு வட்டம். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மை என் கையைத் தட்டினாள்.

"மக்களே, இப்ப அடுத்ததுல ஓரம் தெரியுது பாரு."

எனக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.